மாலை வகுப்புக்கு வழிவிடுங்கள்



வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து வக்கீலாக நினைப்பவருக்கு இங்கே நேர்வழி அநேகமாக இல்லை. அஞ்சல்வழிச் சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி நாளுக்கு 5 மணி, வாரத்துக்கு 30 மணி நேரம் படிப்பு; வருகைப்பதிவு 70 சதவீதம்; வகுப்புகள் காலை 8 முதல் மாலை 7-க்குள். நூலகம் மட்டும் இரவு 10 வரை திறந்திருக்கலாமாம்!

நான் வேலை பார்த்த கோர்ட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்கிறார். பி.ஏ. முடித்தவர். வக்காலத்து நிரப்புவது, கோர்ட் ஃபீ கணக்குப் பார்ப்பது, திருப்பி அனுப்பிய மனுவில் குறையைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இளம் வக்கீல்களே அவரிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். அவர் சட்டம் படிக்க மூன்று வருடச் சம்பளத்தை விட வேண்டும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

இப்படிப்பட்டவர்களில் சிலர்தான் வகுப்புக்கே போகாமல் பட்டம் தரும் ‘லெட்டர்பேடு’ கல்லூரிகளைத் தேடிப் போகிறார்கள். அதை ஒழிக்கத்தான் இந்தக் கெடுபிடி என்றால் எனக்கும் சம்மதமே. ஆனால், 6 மணிக்கு மேல் ஒழுங்காக வந்து உட்காரத் தயாராக இருப்பவரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. மாலை வகுப்பை இரவு 9.30 வரை அனுமதித்து, மூன்றாண்டுப் படிப்பை நான்காண்டாக்கி, வருகைப்பதிவில் ஒரு சதவீதம்கூடத் தளர்த்தாமல் நடத்தட்டும்.

– ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், திண்டுக்கல்