கண்டவள் பெயர் எங்கே?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறுத்தைப் படம் மாட்டியிருக்கிறது. மரக்கிளையில் வயிறு அழுந்தப் படுத்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, நேராக நம்மைப் பார்க்கிற சிறுத்தை. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில், ஸ்குகுஸா முகாமிலிருந்து லோயர் சாபி முகாமுக்குப் போகும் ஆற்றோரச் சாலையில் எடுத்தது. வலது கீழ்மூலையில் என் இணையரின் பெயர் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "எப்படிப் பிடிச்சீங்க?" என்று அவரிடம் கேட்கிறார்கள். அவரும் லென்ஸ், ஷட்டர் வேகம், காலை வெளிச்சம் என்று சொல்லத் தொடங்குகிறார். நான் காப்பி கொண்டுவருகிறேன்.

அந்தச் சிறுத்தையைக் கண்டுபிடித்தது நான்.

வேலை நிமித்தமாக நாலு வருடம் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தோம். குரூகருக்கு வழிகாட்டியோ ஜீப்போ தேவையில்லை, சொந்தக் காரிலேயே உள்ளே போகலாம். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகம், மண்சாலையில் 40. குறித்த இடங்களைத் தவிர எங்கும் இறங்கக்கூடாது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டக்கூடாது. இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் காடு. அதில் எது எங்கே நிற்கிறது என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். அந்தப் பார்க்கிற வேலை யாருடையது என்பதுதான் என் கேள்வி.

அன்று காலை சாலையோரம் ஓர் இம்பாலா மான் கூட்டம். மேயவில்லை. எல்லாம் ஒரே பக்கம் காதை நிமிர்த்தி நின்றன. ஒன்று தும்முவதுபோலச் சீறியது. சற்றுத் தள்ளிக் குரங்குகள் விட்டுவிட்டுக் கத்தின. "மெதுவா போங்க" என்றேன். "இம்பாலாதானே, ஆயிரம் பார்த்தாச்சு" என்றார். நிறுத்தச் சொன்னேன். மான்களை விட்டுவிட்டு, மான்கள் பார்க்கிற திசையைப் பார்த்தேன். கிளைகளுக்கு நடுவே கிளை அல்லாத ஒன்று தொங்கியது. அதன் நுனி மெல்லச் சுருண்டது. வால்.

கொல்லையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தினால், அணில் வாலை உதறி உதறி விடாமல் சத்தம் போட்டால், "பாம்பு வந்திருக்கு, புள்ளைய உள்ள கூப்பிடு" என்பார் என் அம்மா. அவர் குருவியைப் பார்க்க மாட்டார், குருவி பார்க்கும் இடத்தைப் பார்ப்பார். ஆப்பிரிக்க வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் வைத்திருக்கின்றன என்று டோரதி செனி, ராபர்ட் சேஃபார்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கென்யாவின் அம்போசெலியில் ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார்கள். அம்மா எந்த ஆய்விதழிலும் எழுதியதில்லை. ஆனால் கூச்சலை வைத்து எதிரியை அறியும் முறை அவருக்கும் தெரிந்திருந்தது.

உடனே, "பெண்களுக்கு இயல்பாகவே கூர்மையான கண்" என்று பாராட்ட யாராவது கிளம்புவார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம். பால் பொங்குகிறதா, பிள்ளை எழுந்துவிட்டதா, பேருந்தில் பின்னால் நிற்பவன் கை எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் ஒரே நேரத்தில் நாலு இடத்தைக் கவனித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அது பயிற்சி. அதை இயல்பு என்று சொன்னதும் அதிலிருக்கிற உழைப்பு மறைந்துவிடுகிறது. காலமெல்லாம் அடுப்படியில் நின்று கற்றதற்குக் 'கைப்பக்குவம்' என்று பெயர் வைத்து ஒதுக்கிய அதே தந்திரம்தான் இது.

இனி, படத்தில் தெரியாத மற்ற வேலைகளைச் சொல்கிறேன்.

நவம்பர் முதல் ஜனவரி வரை முகாமின் வாசல் காலை நாலரை மணிக்குத் திறக்கும். முதல் வண்டியாக நிற்க வேண்டுமென்றால் மூன்றரைக்கு எழ வேண்டும். ஃபிளாஸ்கில் காப்பி, புளிச்சோறு, அவித்த முட்டை, பிள்ளைக்கு மாற்றுடை, வாந்தி வந்தால் பை. எல்லாம் நான். அவர் கேமரா பேட்டரி சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்த்தார். அதுவும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்குக் கீழ்மூலையில் பெயர் கிடைக்கிறது.

பிறகு, இறங்கக்கூடாத சாலை. ஸ்குகுஸாவிலிருந்து சதாரா முகாம் 90 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ட்ஷோக்வானே என்ற இடத்தில் இறங்கி உட்காரலாம். ஆனால் சிங்கத்துக்காக ஒரு மணி நேரம், யானைக்கூட்டம் கடக்க அரை மணி நேரம் என்று நின்று நின்று போகும்போது அடுத்த கழிப்பறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆண்களுக்கு ஒரு காலி பாட்டில் போதும். அதை ஒரு வீரக்கதையாகவே நண்பர்களிடம் சொல்வார்கள். நான் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்தேன். மாதவிடாய் நாளில் போனபோது, அணையில் நீர்யானை கொட்டாவி விடுவதை எல்லாரும் ரசிக்க, நான் மனதுக்குள் மணிக்கணக்கை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பயணம் முடிந்து வந்து சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து சாப்பிட்டேன். தமிழ்நாட்டில் இரவுப் பேருந்து ஏறுமுன் தண்ணீர் குடிக்காத எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் நம் சிறுநீர்ப்பை நம்மோடுதான் வருகிறது. பயணத்துக்குமுன் நான் படித்த கையேடுகளில் எந்த லென்ஸ், சன்னலில் எதை வைத்துக் கேமராவைத் தாங்குவது என்று பக்கம் பக்கமாக இருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

லென்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அது வாங்கியபோது வீட்டில் அதற்கு 'முதலீடு' என்று பெயர். நான் ஒரு நல்ல பைனாகுலர் கேட்டேன். "போன்லயே ஜூம் பண்ணிக்கலாமே" என்று பதில் வந்தது. தேடுகிறவளின் கருவி ஆடம்பரம், எடுக்கிறவரின் கருவி அவசியம். ஒருகட்டத்தில் வண்டியையும் நானே ஓட்டத் தொடங்கினேன், அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால். அப்போதும் "இன்னும் ஒரு அடி முன்னால நிறுத்தியிருக்கலாம், கிளை மறைக்குது" என்று குறைதான் வந்தது. கண்டது நான், ஓட்டியது நான், சோறு கட்டியது நான், படம் அவருடையது.

"ஒரு படத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்பீர்கள். இந்தக் கணக்கு எங்கள் வீட்டில் தொடங்கியதல்ல.

'சஃபாரி' என்பது ஸ்வாஹிலிச் சொல். பயணம் என்று பொருள். அதை வேட்டை என்று ஆக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன அமெரிக்க முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் 500க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்டார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்று இன்று டீ-சர்ட்டில் அச்சடித்து விற்கும் 'பிக் ஃபைவ்', நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். துப்பாக்கி போய்க் கேமரா வந்தது, பட்டியல் மாறவில்லை. சஃபாரியில் கேமரா துப்பாக்கியின் இடத்தைப் பிடித்ததை 1970களிலேயே சூசன் சாண்டாக் எழுதிவிட்டார். நாமும் "ஷாட் கிடைச்சுதா?" என்றுதான் கேட்கிறோம். அந்த வேட்டைக்காரரின் உடுப்பு நம் ஊருக்குச் சஃபாரி சூட்டாக வந்து அதிகாரிகளின் உடுப்பானதும் தற்செயல் இல்லை.

அந்தப் பழைய வேட்டைப் படங்களைப் பாருங்கள். செத்த விலங்கின் அருகே துப்பாக்கியோடு நிற்கும் வெள்ளைக்காரருக்குப் பெயர் உண்டு. புல்லில் தடம் பார்த்து, சாணத்தைத் தொட்டுச் சூடு பார்த்து, விலங்கிடம் அவரை அழைத்துப் போன ஆப்பிரிக்கர் பெரும்பாலும் பெயரில்லாமல் ஓரத்தில் நிற்பார். கண்டவருக்குப் பெயர் இல்லை, சுட்டவருக்குப் பெயர் என்ற வழக்கம் அங்கிருந்து வருகிறது. அன்று நிறத்தை வைத்து நடந்தது இன்று காருக்குள் குடும்பத்தை வைத்தும் நடக்கிறது.

யார் பெயர் பெறுகிறார்கள் என்பது எது பார்க்கப்படுகிறது என்பதையும் தீர்மானிக்கிறது. குரூகரின் லெதாபா முகாமில் யானைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 'மகத்தான எழுவர்' என்று புகழப்பட்ட யானைகளில் பெரும்பாலானவற்றின் தந்தங்களை வைத்திருக்கிறார்கள். ஏழும் ஆண் யானைகள். ஏழுக்கும் தனித்தனிப் பெயர். பெரிய தந்தம், பெரிய படம். ஆனால் யானைக்கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. 1993இல் தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் கடும் வறட்சி வந்தபோது, சில கூட்டங்கள் பூங்காவைவிட்டு வெளியேறி வேறிடம் போயின, அவற்றின் கன்றுகள் கூடுதலாகப் பிழைத்தன. 1958 முதல் 1961 வரையிலான வறட்சியை அனுபவித்திருக்கக்கூடிய மூத்த பெண் யானைகள் இருந்த கூட்டங்களே அப்படி வெளியேறின என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு மேலான ஞாபகத்தை எந்த லென்ஸால் எடுப்பது? தந்தத்தை எடுப்பது சுலபம்.

சிங்கமும் அப்படித்தான். பிடரி இருந்தால்தான் 'சிங்கம்', இல்லையென்றால் 'பெண் சிங்கம்'. சாலையில் பத்துக் கார் நின்று, "பெண்ணுங்கதான், ஆண் இல்லை" என்று இரண்டு கார் கிளம்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அக்காவும் தங்கையும் தாயும் மகளுமாக ஒரே மண்ணில் நிலைத்து நிற்பது அந்தப் பெண்கள்தான். வந்துபோவது ஆண்கள். ஆண் சிங்கம் வெறும் சோம்பேறி என்று எழுதவும் நான் வரவில்லை. அது அடர்ந்த புதரில் பதுங்கித் திறமையாக வேட்டையாடும் என்று குரூகரிலேயே நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. பிடரியை மட்டும் பார்த்தால் ஆணின் கதையும் நமக்குத் தெரியாமல்தான் போகும். கழுதைப்புலிக்கு நேர்ந்தது இன்னும் மோசம். பெண்கள் ஆண்களைவிடப் பெரியவை, அதிகாரம் அவர்களிடம், குட்டிக்கு அந்தஸ்து தாய்வழியாக வருகிறது. அதைத்தான் உலகம் கோழை என்றும் அசிங்கம் என்றும் கதை கட்டி வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கில் என் பெயரையும் கடன்பட்டவர்கள் பக்கம் எழுதவேண்டும். நான் காலையில் சிறுத்தை தேடிப் போனபோது என் குடிசையைக் கூட்டிப் படுக்கை மாற்றியவர் ஒரு பெண். நாலு வருடத்தில் அப்படி எத்தனையோ பேர். ஒருவரின் பெயரையும் நான் கேட்டதில்லை. நான் ரசித்த 'மனிதர் கால் படாத காடு' என்பதும் பொய். பூங்காவின் வடக்கே வாழ்ந்த மகுலேகே மக்களை 1969இல் நிறவெறி அரசு வெளியேற்றியது. நிலவுரிமை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 1998இல்.

குரூகரை ஒட்டிய பலூலே காப்பகத்தில் 2013 முதல் 'பிளாக் மாம்பாஸ்' என்ற காவல் குழு இயங்குகிறது. பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள். துப்பாக்கி கிடையாது. வேலியோரம் நடந்தே ரோந்து போகிறார்கள், புல்லுக்குள் மறைத்துக் கட்டிய சுருக்குக் கம்பிகளைத் தேடி எடுக்கிறார்கள். 2015இல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் விருது அவர்களுக்குக் கிடைத்தது. மெல்லிய ஒரு கம்பியைப் புல்லில் கண்டுபிடிப்பதைவிடக் கடினமான பார்வை எது? அதன் பலன் ஒரு மான் சாகாமல் போனது. சாகாமல் போனதைப் படம் எடுக்க முடியாது. நாம் படம் எடுக்கிற விலங்குகள் உயிரோடு இருப்பதில் அவர்கள் கண்ணுக்கும் பங்கு உண்டு.

"நீயும் ஒரு கேமரா வாங்கிக்கோயேன்" என்பது எனக்கு அடிக்கடி கிடைக்கும் தீர்வு. வாங்கிக்கொள்ளலாம். அப்போது எனக்காகத் தேடிய கண்ணை நான் மறைப்பேன். துப்பாக்கி கைமாறுவதால் வேட்டை முடிந்துவிடாது. எனக்கு வேண்டியது கணக்கை நேராக எழுதுவது. சினிமாவில் டீ கொடுத்தவர் பெயர்கூட ஓடுகிறது. ஒரு சிறுத்தைப் படத்தின் கீழே 'கண்டவர், ஓட்டியவர், எடுத்தவர்' என்று மூன்று பெயர் எழுத இடமில்லையா?

போன மாதம் அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, கீழ்மூலையில் கறுப்பு மையால் 'கண்டவர்' என்று எழுதி என் பெயரையும் போட்டு மறுபடி மாட்டினேன். "படத்தோட அழகே போச்சு" என்றார் இணையர். இருக்கட்டும். அடுத்த முறை குரூகர் போகும்போது பாதையை நான்தான் போடுவேன், கழிப்பறை இருக்கிற இடங்களை முதலில் குறித்துக்கொண்டு. சிங்கம் காத்திருந்தால் பார்ப்போம். காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் காரில் ஏறுவேன்.