வாடிய கொடி இனிக்காது

சக்குபள்ளத்து ஏலமலையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கினால் திராட்சைப் பந்தல்கள். அங்கே ஒரு வாதம்: கொடியைக் காயவிட்டால் பழம் இனிக்கும், ஆகவே வறட்சி நல்லது. அறுவடைக்குச் சற்று முன் நீரைக் குறைப்பது பலன் தரும் என்பது உண்மைதான். அதைப் பருவம் முழுவதற்கும் நீட்டுவதே பிழை.

1. சர்க்கரை எங்கே உருவாகிறது? இலையில். கடும் வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், ஒளிச்சேர்க்கை குறையும். பழம் சுருங்கி இனிப்பதும் சர்க்கரை கூடுவதும் ஒன்றா?

2. காய் பிடித்த முதல் வாரங்களில்தான் காயின் செல்கள் பெருகுகின்றன. அப்போது தண்ணீர் தவறினால் மணி சிறுக்கும். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த இழப்பு முழுதாக ஈடாகாது. காய்ந்த கொடிக்குப் பழுக்கும் நேரத்தில் திடீரென்று நீர்விட்டாலோ, பழம் வெடிக்கும்.

3. ஐரோப்பிய ஒயின் தோட்டங்களை உதாரணம் காட்டுகிறார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோல் விகிதம் கூடிய சிறுமணி உதவும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையோ பெரும்பாலும் அப்படியே தின்னும் பழம். சிறுத்த குலைக்கு எந்த வியாபாரி விலை தருவார்?

4. கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. கவாத்து செய்து ஆண்டுக்குப் பலமுறை அறுக்கிறார்கள். ஓய்வில்லாத அந்தக் கொடியையா பட்டினி போடுவது?