ஓட்டுச் சாவடியிலும் கதவடைப்பா?

சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19-ம் தேதி தேர்தல் நடந்தது. ஓட்டுரிமை உள்ளவர்களில் நூற்றுக்கு 44 பேர்கூடச் சாவடிக்கு வரவில்லை. உடனே பெரிய மனிதர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பட்டணத்து ஜனங்களுக்குப் பொறுப்பில்லையாம். லீவு விட்டால் படுத்துத் தூங்குகிறார்களாம்!

படுத்துத் தூங்கியவர்கள் இருக்கலாம். அவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. அன்று கண் விழித்து உழைத்தவர்களின் கணக்கை எடுத்தது யார்? பாய்லர் அருகே நின்றவன், துறைமுகத்து வரிசையில் கன்டெய்னர் லாரியோடு ரோட்டில் கிடந்தவன், கூலி தேடி வெளியூர் போன கொத்தனார், முன்பணம் வாங்கிய பாவத்துக்காகக் குடும்பத்தோடு செங்கல் சூளையில் அடைபட்டவன் - இவர்கள் அத்தனை பேரும் 'வராதவர்கள்' பட்டியலில்தான் சேர்ந்தார்கள். இவர்கள் வராதவர்கள் அல்ல, வர முடியாமல் செய்யப்பட்டவர்கள்!

முதலாளி ஆலையின் கதவை அடைத்தால் அதற்குக் கதவடைப்பு என்று பெயர். ஓட்டுச் சாவடியின் கதவு திறந்திருந்தும் தொழிலாளி உள்ளே போக வழியில்லை என்றால், அதற்கு என்ன பெயர்?

சடையங்குப்பத்தைப் பாருங்கள்

மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் இருக்கும் ஊர் சடையங்குப்பம். ஒவ்வொரு பெருமழையிலும் இங்குள்ள இருளர் காலனியையும் பர்மா நகரையும் வெள்ளம் சூழ்கிறது. 2011 வரை இது தனி ஊராட்சி. அந்த ஆண்டு 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, 200 வார்டுகளில் ஒன்றின் மூலையில் சடையங்குப்பமும் சேர்ந்தது. ஊராட்சித் தலைவரைத் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்ட ஜனங்கள், கவுன்சிலரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

2016 அக்டோபரில் அந்தக் கவுன்சிலரும் இல்லை என்றாயிற்று. நடக்க இருந்த தேர்தலை ஐகோர்ட் ரத்து செய்தது. அடுத்த தேர்தல் வர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் எண்ணெய் கொட்டியது. 2020-ல் கொரோனா வந்தது. ஜனங்கள் சார்பில் மாநகராட்சியில் எழுந்து கேட்க ஓர் ஆள் இல்லை.

வடிகால், தெருவிளக்கு, ரோடு, குப்பை எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. கார் வைத்திருப்பவன் தண்ணீர் வந்தால் வேறிடம் போய்விடுவான். நாம் எங்கே போவது? உள்ளாட்சி ஓட்டு யாருக்கு அதிகம் தேவையோ, அவனுக்குத்தான் அது எட்டாமல் இருக்கிறது.

கவருக்குள் கவர்

வேலை நிமித்தம் சாவடிக்கு வர முடியாதவனும் ஓட்டுப் போட வழி உண்டு. அதுதான் தபால் ஓட்டு. பார்லிமெண்டு, சட்டசபைத் தேர்தல்களில் ராணுவத்தாருக்கும் தேர்தல் பணி பார்க்கும் ஊழியர்களுக்கும் அது நெடுநாளாக உண்டு.

முறை கடினமல்ல. முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். ஓட்டுச் சீட்டில் குறியிட்டுச் சின்னக் கவரில் வைத்து ஒட்ட வேண்டும். 'இந்த ஓட்டைப் போட்டவன் நான்தான்' என்ற உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டு, அதிகாரியின் சான்றும் பெற வேண்டும். இரண்டையும் பெரிய கவரில் வைத்து அனுப்ப வேண்டும். ஓட்டு எண்ணத் தொடங்கும் நேரத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். உறுதிமொழியில் கோளாறு இருந்தால் சின்னக் கவரைத் திறக்கவே மாட்டார்கள், ஓட்டுப் போச்சு! சங்கத்துச் சந்தாக் கணக்கை நயாபைசா பிசகாமல் எழுதும் நம் தொழிலாளிக்கு இது ஒரு பெரிய வித்தையா?

2019-ல் விதியைத் திருத்தி, 80 வயது கடந்தவர்களுக்கும் நூற்றுக்கு 40 பங்கு ஊனம் உள்ளவர்களுக்கும் இந்த வசதியைக் கொடுத்தார்கள். நல்ல காரியம். 2024 மார்ச்சில் அந்த வயதை 85 ஆக உயர்த்தினார்கள். விசாரணையில்லாமல் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவனுக்கும் தபால் ஓட்டு உண்டு. இருக்கட்டும், அது நியாயம். ஆனால் ஜெயில் காவலில் இருப்பவனுக்கு உள்ள உரிமை ஷிப்டுக் காவலில் இருப்பவனுக்கு ஏன் இல்லை?

தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலிலோ கதவு இன்னும் குறுகல். பெரும்பாலும் தேர்தல் பணி பார்ப்பவர்களோடு அது நின்றுவிடுகிறது.

லீவு என்னும் ஏமாற்று

"அதுதான் சம்பளத்தோடு லீவு இருக்கிறதே!" என்பார்கள். அந்த லீவின் லட்சணத்தைப் பார்ப்போம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-ல் 135-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பார்லிமெண்டு, சட்டசபைத் தேர்தல் நாளில் தினக்கூலிக்காரனுக்கும் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்கிறது அது. தராத முதலாளிக்கு என்ன தண்டனை தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம்! ஓர் ஆளின் ஒரு நாள் கூலிக்குக்கூடக் காணாத தொகை.

அதே பிரிவில் ஒரு பொந்தும் உண்டு. எவன் வராவிட்டால் வேலையில் ஆபத்தோ கணிசமான நஷ்டமோ நேருமோ, அவனுக்கு இந்த லீவு பொருந்தாது. இரவு பகல் ஓயாமல் ஓடும் யந்திரங்கள் நிறைந்த மணலி, எண்ணூர் வட்டாரத்தில் இது யாரைக் குறிக்கிறது? லீவு கேட்டால், 'நீ இல்லாவிட்டால் ஆலை நாசமாகும்' என்கிறது சட்டம். தபால் ஓட்டுக் கேட்டால், 'நீ யார்?' என்கிறது. உழைப்பைக் கறக்கும்போது நாம் அத்தியாவசியம். உரிமை கேட்கும்போது நாம் அந்நியர்!

2022-ல் ஓட்டுப் பதிவு காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு. காலை 6 மணிக்கு உள்ளே போய் மாலை 6 மணிக்கு வெளியே வரும் ஒப்பந்தத் தொழிலாளி எந்த நிமிஷத்தில் ஓட்டுப் போடுவான்?

மோசடிப் பூச்சாண்டி

தபால் ஓட்டை எல்லாருக்கும் திறந்தால் மோசடி நடக்கும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பயத்தில் உண்மை இருக்கிறது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரசபைக்கு 2004-ல் நடந்த தேர்தலில் தபால் ஓட்டுகளில் பெரும் தில்லுமுல்லு நடந்தது. 2005-ல் நீதிபதி ரிச்சர்ட் மாவ்ரி 2 வார்டுகளின் தேர்தலைச் செல்லாது என்றார். அதற்காக அங்கே தபால் ஓட்டையே ஒழித்தார்களா? இல்லை. 2006-ல் சட்டத்தைத் திருத்தி, கையெழுத்தையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதில்லை!

நம் ஊரில் பயப்பட வேண்டியது மேஸ்திரிக்கும் கான்ட்ராக்டருக்கும்தான். கவர்கள் அவர்கள் கைக்குப் போனால் ஓட்டும் அவர்கள் பைக்குப் போகும். ஆகவே, ஓட்டுக் கவர் முதலாளியின் ஆபீஸ் வாசலை மிதிக்கவே கூடாது. தேர்தல் ஊழியர்களுக்குப் பயிற்சி மையத்திலேயே முன்கூட்டி ஓட்டுப் பெட்டி வைக்கிறார்களே, அதுபோலத் தொழில் வட்டாரத்திலும் அதிகாரியின் பொறுப்பில், ஏஜெண்டுகளின் கண் முன்னால் பெட்டி வைக்கட்டும். மறைப்புக்குள் தொழிலாளி தனியே போய்த் தன் ஓட்டைப் போடட்டும்.

கோட்டையால் முடியும்

இதற்கு டில்லியின் தயவு வேண்டியதில்லை. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்குச் சட்டம் செய்யும் அதிகாரம் மாநிலச் சட்டசபைக்கு உண்டு என்று அரசியல் சட்டமே சொல்கிறது.

செய்தவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் 2020 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் கொரோனா நோயாளிகளுக்கும் தனிமையில் இருந்தவர்களுக்கும் வீட்டு வாசலுக்கே தபால் ஓட்டுச் சீட்டு போயிற்று. பீகாரில் 2025 ஜூன் 28-ல் நடந்த நகராட்சித் தேர்தல்களில் முதியவர்களும் கர்ப்பிணிகளும் வெளியூர் போன தொழிலாளிகளும் கைபேசி வழியாக ஓட்டுப் போட இடம் தந்தார்கள். கைபேசி முறை சரியா, ரகசியம் காக்குமா என்பது தனி விவாதம். வெளியூர் போனவனும் வாக்காளனே என்று ஒரு மாநிலம் ஒப்புக்கொண்டதே, அதுதான் இங்கே முக்கியம்.

இது ஆலைத் தொழிலாளியின் பிரச்னை மட்டுமல்ல. தஞ்சையில் வேலையில்லாமல் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகும் விவசாயத் தொழிலாளியின் ஊராட்சி ஓட்டும் இதில் அடங்கியிருக்கிறது. எண்ணூரில் நம்மோடு சுமை தூக்கும் பீகார், ஒரிசாத் தோழனின் ஓட்டும் அடங்கியிருக்கிறது.

ஆகவே நாம் கோருகிறோம்:

ஷிப்டிலும் வெளியூர் வேலையிலும் இருப்பவர்களுக்கு உள்ளாட்சித் தேர்தலில் தபால் ஓட்டு வேண்டும். அதற்கான மனு தமிழில், ஒரே தாளில், கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். தொழில் வட்டாரங்களில் முன்கூட்டி ஓட்டுப் போடும் மையம் வேண்டும். லீவு மறுக்கும் முதலாளிக்கு உறைக்கும்படியான தண்டனை வேண்டும்.

தோழர்களே! தேர்தல் தேதி அறிவித்த பிறகு கூக்குரல் இடுவதில் பயனில்லை. இன்றே சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள். கையெழுத்து வாங்கி மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் சட்டசபை உறுப்பினருக்கும் அனுப்புங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டசபை, பார்லிமெண்டுத் தேர்தல் வந்தால், வீட்டில் 85 வயது கடந்த பெரியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் அறிவிப்பு வந்த ஐந்து நாட்களுக்குள் 12-டி மனுவைக் கொடுங்கள். கிடைத்த உரிமையை விடாமல் பிடிப்பவனே கிடைக்காத உரிமையையும் வாங்குவான்.

எட்டு மணி நேர வேலையை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. இந்த ஓட்டையும் தரமாட்டார்கள். கேட்டு வாங்குவோம்!