வெர்டி கட்டிய முதியோர் இல்லம்

இத்தாலியின் மிலான் நகரில் உள்ள ‘காசா வெர்டி’, வயது முதிர்ந்த இசைக் கலைஞர்களுக்கான இல்லம். ஓபரா மேதை ஜுசெப்பே வெர்டி தம் சொந்தப் பணத்தில் கட்டியது. இசை முதுமைக்கு எவ்வளவு பெரிய துணை என்பதற்கு நூறாண்டுக்கும் மேலாக இந்த இல்லம் சாட்சியாக இருக்கிறது.

1813-இல் பிறந்த வெர்டிக்கு முதுமை தடையாகவில்லை. ‘ஃபால்ஸ்டாஃப்’ என்னும் நகைச்சுவை ஓபரா 1893-இல் லா ஸ்காலா அரங்கில் அரங்கேறியபோது அவருக்கு வயது 79. ஆனால் எல்லாக் கலைஞர்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. குரல் போனால் பாடகரின் வருமானமும் போய்விடும். அப்படி நலிந்தவர்களுக்காகவே அவர் இல்லத்தைத் திட்டமிட்டார். கட்டட வடிவமைப்பு கமில்லோ பொய்ட்டோவுடையது. ‘ஃபால்ஸ்டாஃப்’ ஓபராவுக்கு உரை எழுதிய அர்ரிகோ பொய்ட்டோவின் அண்ணன் அவர்.

1899-இல் கட்டடம் முடிந்தது. ஆயினும், தம் காலத்துக்குப் பிறகே ஆட்களைச் சேர்க்க வேண்டும் என்றார் வெர்டி. யாரும் வந்து தமக்கு நன்றி சொல்வதை அவர் விரும்பவில்லை. 1901 ஜனவரியில் அவர் மறைந்தார். 1902-இல் இல்லம் திறந்தது. தம் ஓபராக்களின் உரிமைத்தொகையை அதன் செலவுக்கு எழுதி வைத்திருந்தார். அவரும் மனைவி ஜுசெப்பினாவும் அந்த வளாகத்திலேயே அடக்கமாகியுள்ளனர்.

உணவும் உறைவிடமும் எந்த விடுதியிலும் கிடைக்கும். இங்கே பியானோக்கள் உண்டு, பயிற்சி அறைகள் உண்டு, கச்சேரிக் கூடம் உண்டு. பிற்காலத்தில் இளம் இசை மாணவர்களும் இங்கே தங்க இடம் பெற்றார்கள். அதனால் பெரியவர்கள் பராமரிக்கப்படுபவர்களாக மட்டும் இல்லை. கற்றுத் தருபவர்களாகவும் இருக்கிறார்கள்.

இசை உடலுக்கும் வேலை தருகிறது. பாடுபவர் மூச்சை அளந்து விடுகிறார். வாசிப்பவரின் விரலும் செவியும் நினைவும் ஒன்றாக இயங்குகின்றன. இளமையில் பதிந்த பாட்டு எளிதில் அழிவதில்லை. மறதிநோயால் பிள்ளையின் பெயரை மறந்தவரும் பழகிய பாட்டின் அடுத்த அடியைப் பாடுவதுண்டு. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2003-இல் வெளியானது. வாத்தியம் வாசித்தவர்களிடமும் நடனமாடியவர்களிடமும் மறதிநோய் குறைவாகவே காணப்பட்டது. இசையும் நடனமும் நோயைத் தடுத்துவிடும் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. நோயின் தொடக்கமே சிலரை அவற்றிலிருந்து விலக்கியிருக்கலாம். ஆனால் பாடியும் ஆடியும் கழியும் நாள் நிறைவான நாள் என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

கலைஞர்களுக்கு மட்டும் உரிய தேவையன்று இது. கோயில் பஜனையில் பாடியவர், கோலாட்டம் ஆடியவர், திரைப்பாட்டை முணுமுணுத்தே வளர்ந்தவர் என எல்லோருக்கும் பொருந்தும். முதியோர் இல்லம் நடத்துவோர் மருந்து அலமாரிக்கு இடம் ஒதுக்கும்போதே ஓர் ஆர்மோனியத்துக்கும், சேர்ந்து பாட ஒரு கூடத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.