கணிப்பொறி சொன்னால் வேதவாக்கா?

"நாங்கள் என்ன செய்ய முடியும்? கணிப்பொறி அப்படித்தான் காட்டுகிறது!" வங்கியிலும், மின்கட்டணம் செலுத்தும் இடத்திலும், நியாயவிலைக் கடையிலும் நாம் நாள்தோறும் கேட்டுப் பழகிய மொழி இது. கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர் வாயடைத்துத் திரும்பிவிடுகிறோம். எழுத்தர் சொல்லியிருந்தால் எதிர்த்துக் கேட்டிருப்போம். மேலாளர் சொல்லியிருந்தால் ஒரு மனுவாவது எழுதிக் கொடுத்திருப்போம். பொறி சொல்வதாகச் சொன்னால் மட்டும் பணிந்துவிடுகிறோம். மனிதன் பொய் சொல்வான், கணிப்பொறி பொய் சொல்லாது என்றொரு நம்பிக்கை நம்முள் வேரூன்றிவிட்டது. படித்தவர்களிடமே மிகுதியாகக் காணப்படும் இந்தப் புதிய மூடநம்பிக்கையை நாம் மறுத்தே ஆகவேண்டும்.

கணிப்பொறி பொய் சொல்லாது என்பது சரிதான். ஆனால் அது மெய்யும் சொல்லாது. நாம் கொடுக்கும் விவரங்களை, யாரோ எழுதிவைத்த கட்டளைகளின்படி கூட்டிக் கழித்துத் தருவதே அதன் தொழில். விவரம் பிழையானால் விடையும் பிழை. கட்டளை பிழையானாலோ, சரியான விவரத்திற்கும் தவறான விடையே வரும். அக்கட்டளைத் தொகுப்பைத்தான் மென்பொருள் என்கிறோம். பெரிய நிறுவனங்களின் மென்பொருளில் இலட்சக்கணக்கான வரிகள் இருக்கும். பலர் பல காலங்களில் எழுதிச் சேர்த்தவை அவை. அவற்றுள் வழுவே இராது என்று விவரமறிந்த எந்த வல்லுநரும் உறுதி கூறமாட்டார். அவ்வாறு உறுதி கூறுவோர் அதை வாங்கி வைத்திருக்கும் அதிகாரிகளே.

இந்த நம்பிக்கை எத்தகைய கொடுமையில் கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரிட்டன் நாட்டு அஞ்சலகங்களில் நடந்ததே சாட்சி. அங்கே ஊர்தோறும் உள்ள சிறு அஞ்சலகங்களை, பெரும்பாலும் தம் கடையின் ஒரு பகுதியில் வைத்து, ஒப்பந்த முறையில் நடத்துவோர் துணை அஞ்சல் அதிபர்கள். 1999-ஆம் ஆண்டு முதல் அவர்களுடைய கணக்கு வேலைக்கு 'ஹொரைசன்' என்னும் கணிப்பொறி அமைப்பு புகுத்தப்பட்டது. அதன்பின் பல ஊர்களில் கணக்கு உதைக்கத் தொடங்கியது. இருக்க வேண்டியது என்று திரை காட்டிய தொகை, பெட்டியில் இருந்த தொகையைவிட மிகுதியாக இருந்தது. குறைவதை அவர்களே ஈடுசெய்ய வேண்டும் என்றது அஞ்சல் நிறுவனம். சேமிப்பை இழந்தவர் பலர். வீட்டை இழந்தவர் பலர். தொலைபேசியில் முறையிட்டவர்களுக்கு, "உங்களுக்கு மட்டும்தான் இப்படி நேர்கிறது" என்ற பதில் கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் அதே பதில்!

பிழை எவ்வாறு நேரும் என்பதற்கு ஒன்று சொல்வோம். 2015-இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் அஞ்சலகத்தில் 8,000 பவுண்டைக் கணக்கில் ஏற்றும்போது திரை அசையாமல் நின்றுவிட்டது. பணியாளர் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். அழுத்தும்தோறும் அத்தொகை புதிதாக வரவு வைக்கப்பட்டது. முடிவில், இல்லாத 24,000 பவுண்டு கணக்கில் ஏறி நின்றது. அம்முறை பிழை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடிக்கப்படாத இடங்களில் மனிதர்கள் திருடர்களாயினர்.

நீதிமன்றமாவது காத்ததா? கணிப்பொறிச் சான்றை ஏற்குமுன் அது ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என 1984-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று விதித்திருந்தது. 1999-இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்விதியை நீக்கிற்று. பொறி சரியாகவே இயங்கும் என்பது தொடக்க நம்பிக்கையாயிற்று. பிழை என்று காட்டும் சுமை, நடைமுறையில், குற்றஞ்சாட்டப்பட்ட ஏழையின் தலையில் விழுந்தது. 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டனை பெற்றனர். இந்திய வம்சாவளியினரான சீமா மிஸ்ரா 2010-இல் கருவுற்றிருந்த நிலையில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாம் பிறந்தநாள்.

வேல்ஸ் பகுதியில் அஞ்சலகம் நடத்தி, 2003-இல் அதை இழந்த ஆலன் பேட்ஸ் என்பவர் சும்மா இருக்கவில்லை. "எனக்கு மட்டும்தானா?" என்று கேட்டு, தம்மைப் போன்றோரைத் தேடித் திரட்டினார். 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். ஹொரைசனில் வழுக்கள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அஞ்சல் நிறுவனத்தின் மறுப்பு, உலகம் தட்டையானது என்று இக்காலத்தில் சாதிப்பதற்கு ஒப்பானது என்றார் நீதிபதி. 2021-இல் சீமா மிஸ்ரா உள்ளிட்ட 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகள் ஒரே நாளில் நீக்கப்பட்டன. எஞ்சியோருக்காக 2024 மே மாதத்தில் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றியது. ஆயினும் 13 பேராவது இதன் காரணமாகத் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று விசாரணை ஆணையம் 2025-இல் அறிவித்தது. அவர்களுக்கு எந்தச் சட்டம் என்ன செய்யும்?

"அப்படியானால் கணிப்பொறியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேரேட்டுக்கே திரும்புவோமா?" என்று சிலர் நம்மை ஏளனம் செய்யக்கூடும். நாம் அதைச் சொல்லவில்லை. இரயில் முன்பதிவுக்காக விடியுமுன் வரிசையில் நின்ற நாள்களை நாம் மறந்துவிடவில்லை. "மனிதனும்தான் தவறு செய்கிறான்" என்போரும் உளர். ஆம், செய்கிறான். ஆனால் எழுத்தர் செய்த தவறு பேரேட்டில் மையாகக் கிடக்கும்; எவரும் புரட்டிப் பார்க்கலாம்; எழுதியவரை நிறுத்திக் கேட்கலாம். மென்பொருளின் உள்ளே நாம் எட்டிப் பார்க்க இயலாது. பார்க்க இயலாத ஒன்றின் சொல்லை, எதிரே நிற்கும் மனிதனின் சொல்லைவிட மேலாக ஏற்பது நீதியாகுமா?

கடல்கடந்த கதைதானே என்று நாம் ஆறுதல் கொள்ள வேண்டா. நம் நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகை வைத்தே பொருள் வாங்கும் முறை வந்துவிட்டது. உப்பளத்தில் ஆயுளெல்லாம் உழைத்தவளின் விரலிலும், சிமெண்டுக் கலவை அள்ளியவனின் விரலிலும் ரேகை தேய்ந்து கிடக்கிறது. அவ்விரலைப் பொறி அறியாது. 'பொருந்தவில்லை' என்று அது சொன்னதும், எத்தனையோ ஆண்டுகளாக அந்த மூதாட்டியைப் பெயர் சொல்லி அழைத்த விற்பனையாளரே, "பாட்டி, நாளைக்கு வாருங்கள்" என்கிறார். அவர் கொடியவர் அல்லர். அவளை யாரென்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், தம் கண்ணைவிடப் பொறியை நம்புமாறு பழக்கப்பட்டுவிட்டார். இதுவே நம்மை அஞ்சவைக்கிறது.

ஆகவே நாம் கேட்கப் பழகுவோம். "கணிப்பொறி சொல்கிறது" என்பவரிடம், "ஐயா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்போம். மறுப்பை எழுத்தில், ஒரு மனிதரின் கையொப்பத்தோடு கேட்போம். விரல் பொருந்தாதவருக்கு மாற்று வழி என்ன என்று, அவர் கேட்கத் தயங்கினால், அருகில் நிற்கும் நாம் கேட்போம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் எழுதியே சம்பாதிக்கிறார்கள். தாம் எழுதும் ஒரு வரியின் மறுமுனையில் ஒரு மனிதனின் சோறும் மானமும் இருப்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.

பொறிக்கு மனச்சான்று இல்லை. அது அதன் குற்றமன்று. மனச்சான்று உள்ள நாம் அதன் பின்னால் ஒளிந்துகொண்டால், அது நம் குற்றமே.