டப்பாவுல எல்லாம் இருக்கு, சிப்பு பேரைத் தவிர!

பழவேற்காட்டில் சுத்துவலை போடுகிற ஒருவரிடம் போய், "அண்ணே, நல்ல வலை, வாங்கிக்குங்க. கண்ணி அளவு மட்டும் கேட்காதீங்க"ன்னு சொல்லிப் பாருங்கள். வலையோடு சேர்த்து உங்களையும் ஏரியில் தள்ளிவிடுவார். கண்ணி அளவு தெரியாமல் அங்கே யாரும் காசை எடுக்க மாட்டார்கள்.

ஆனால் அதே வீட்டுப் பிள்ளை பொன்னேரியிலோ ரிச்சி தெருவிலோ ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினால்? உள்ளே என்ன சிப்பு என்று டப்பாவிலும் இருக்காது, கடைக்காரருக்கும் தெரியாது.

அடாப்டர் எதுக்கு என்கிறீர்களா? விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. அந்த வயசு மிஷின்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பழைய மிஷினுக்கு இனி லினக்ஸ்தான் கதி. உள்ளிருக்கும் வைஃபை கார்டு மண்டையைப் போட்டால் அடாப்டர்தான் கதி.

செருகினால் என்ன ஆகும்? சில அடாப்டர்கள் தங்களை சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். திறந்து பார்த்தால் விண்டோஸ் டிரைவர்! லினக்ஸ் டிரைவரை நெட்டில் இறக்க வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை!

இன்னொரு கூத்து. டிபி-லிங்க் 722என் என்ற அடாப்டரின் முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ் 9271 சிப்பு. லினக்ஸில் செருகினால் வேலை செய்யும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்பு. பெயர் அதே பெயர்! பழைய விமர்சனத்தை நம்பி வாங்கியவர் தலையில் துண்டு.

உடனே ஒரு கூட்டம் "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்கும். இன்னொரு கூட்டம் "கம்பைல் பண்ணத் தெரியாதா?" என்று நக்கலடிக்கும். அப்படிக் கம்பைல் செய்தது அடுத்த கெர்னல் அப்டேட்டில் படுத்துவிடும் என்பதை மட்டும் சொல்லாது. இரண்டு கூட்டமும் திட்டுவது வாங்கியவனை. விற்றவனை யாரும் கேட்பதில்லை.

பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011-ன்படி டப்பாவில் எம்.ஆர்.பி. இருக்க வேண்டும், இறக்குமதியாளர் முகவரி இருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளின் தரத்தை அறியும் உரிமையைத் தருகிறது. "சிப்பு பேர் போட்டா ஜனங்களுக்குப் புரியாது" என்பார்கள். மாத்திரை அட்டையில் பிராண்டுக்குப் பக்கத்தில் பாராசிட்டமால் என்று போடவில்லையா? அது மட்டும் எல்லாருக்கும் புரிந்தா போட்டார்கள்?

அதுவரைக்கும் என்ன செய்வது? போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், முதல் முடிச்சு அவிழும். 2023-ல் வந்த கெர்னல் 6.2 முதல் பல ரியல்டெக் யூஎஸ்பி சிப்புகளுக்கும் டிரைவர் உள்ளேயே இருக்கிறது, அதனால் புது லினக்ஸாகப் போடுங்கள். வாங்கும்முன் சிப்பையும் பதிப்பு எண்ணையும் கேளுங்கள். "தெரியாது" என்றால் காசை பையிலேயே வையுங்கள்.

கேட்கப்படுவது ஒரே ஒரு வரி மை. அதைக்கூட அச்சடிக்க மாட்டார்களாம். நல்லா இருக்குய்யா வியாபாரம்!