பத்தடி தள்ளி நில்லு மக்களே

போன சித்திரைக் கடைசிச் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயிலில் கொடை. பெங்களூரிலிருந்து மகன், மருமகள், பேரன் மூவரும் வந்திருந்தார்கள். பேரனுக்குப் பத்து வயது. வில்லுப்பாட்டும் மேளமும் கூட்டமும் அவனுக்குப் புதுசு. உச்சிக்கொடையில் கோமரத்தாடி மஞ்சள் நீராட வரும் நேரம். கோயிலுக்கு முன்னால் அடுப்புகளில் வரிசையாகப் பானைகள், அவற்றில் மஞ்சள் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. கோமரத்தாடி கமுகம்பூக் குலையைப் பானைக்குள் முக்கி எடுத்துத் தலையிலும் மேலிலும் அடித்துக்கொள்வார். பேரன் முன்னால் போய்ப் பார்க்க ஆசைப்பட்டான். மகனோ அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

ராத்திரி சாப்பிடும்போது மகன் சொன்னான்: "அப்பா, இதெல்லாம் பெரிய ரிஸ்க். அந்த ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

அவன் கேட்டதில் தப்பில்லை. பிள்ளையைப் பெற்றவன் கேட்கத்தான் செய்வான். எனக்குத்தான் அப்போது பதில் சொல்ல வரவில்லை. பிறகு பல நாள் யோசித்துப் பார்த்ததை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் கோமரத்தாடி நினைத்த நேரத்தில் கொதிக்கிற தண்ணீரில் கை வைக்கிறவர் அல்ல. காப்புக் கட்டின நாளிலிருந்து விரதம். வீட்டுச் சாப்பாடு, படுக்கை எல்லாம் மாறிவிடும். அவருக்கு முன்னால் அவர் அப்பா ஆடினார், அதற்கு முன்னால் பெரியப்பா. ஆடும்போது பின்னால் இரண்டு பேர் நிற்பார்கள். அவர் தள்ளாடினால் தாங்கிப் பிடிப்பது அவர்கள் வேலை. வேறு யாரும் பானையை நெருங்கக்கூடாது. ஒரு வருஷம் கொடைக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவர் வீட்டில் ஒரு சாவு. தீட்டு. அவர் காப்பை அவிழ்த்து வைத்துவிட்டார். அந்த வருஷம் எங்கள் கோயிலில் மஞ்சள் நீராட்டே நடக்கவில்லை. 'பரவாயில்லை, இந்த ஒரு தடவை' என்று யாரும் கேட்கவில்லை. ஆபத்தைச் சுற்றி இத்தனை வேலி போட்டுத்தான் வைத்திருந்தார்கள். மகன் கண்ணுக்குப் பட்டது கொதிக்கிற பானை மட்டும்.

இந்த வேலி எப்படிப்பட்டது என்று எனக்குச் சரியாகப் புரிந்தது ஊரில் அல்ல, மலையில். நான் மின்வாரியத்தில் கோதையாறு மின் நிலையத்தில் சில வருஷம் வேலை பார்த்தவன். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர்களின் குடியிருப்புகள் உண்டு. அவர்களுக்குள் ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. வைத்தியமும் பூசையும் பார்ப்பவர் பிலாத்தி. எந்தப் பச்சிலையை எப்போது பறிப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் பிலாத்திக்குத் தெரியும். நோய் கடுமையானால் ராத்திரி முழுக்கச் சாற்றுப்பாட்டுப் பாடுவார். இரும்பில் செய்த கொக்கரையைக் கம்பியால் உரசுகிற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்களுக்கு அவ்வப்போது கூலி வேலைக்கு வரும் ஒரு பையனுக்குக் காய்ச்சல். ஒரு வாரமாக விடவில்லை. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று நான் சொன்னேன். வீட்டார் முதலில் சாற்று நடக்கட்டும் என்றார்கள். எனக்கு உள்ளூரக் கோபம். படித்தவன் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் அன்று ராத்திரி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிலாத்தி பாடினார். மலைகளின் பெயர், தெய்வங்களின் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. பையனின் அம்மாவும் உறவுக்காரர்களும் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருந்தார்கள், யாரும் அழவில்லை. விடியும் நேரம் பிலாத்தி பாட்டை நிறுத்தினார். பையன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சாரே, எனக்க வேல இம்புட்டுதான். இனி உங்க வண்டியில கொண்டு போவணும்" என்றார்.

டைபாய்டு. பையன் பிழைத்துக்கொண்டான். பாட்டினால் பிழைத்தான் என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரையினால்தான் பிழைத்தான். முந்தின ராத்திரியே கொண்டு போயிருந்தால் இன்னும் நல்லது என்பதும் உண்மை. ஆனால் தன் எல்லை எது என்று தெரிந்த ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். அவர் 'போ' என்று சொன்னதால்தான் அந்த அம்மா மகனை வண்டியில் ஏற்றினாள். நான் சொல்லியிருந்தால் ஏற்றியிருக்க மாட்டாள்.

காணிக்காரர்களின் செடி ஒன்று பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. 1987-ல் அகத்தியர் மலைக் காட்டுக்குள் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு ஆராய்ச்சிக் குழு போனது. மலை ஏறி ஏறி அவர்கள் சோர்ந்துவிட்டார்கள். வழிகாட்டியாக வந்த காணிகள் ஏதோ சின்னக் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள், வெளியாருக்குச் சொல்லக்கூடாத விஷயம் என்று. பிறகு காட்டிக் கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவர ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தது. 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்கு அதைத் தயாரிக்க உரிமம் கொடுத்தார்கள். 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. அதில் பாதி காணிகளுக்கு. அந்தப் பணத்துக்காக 1997-ல் ஒரு டிரஸ்டும் பதிவானது. இதை ஒரு முன்மாதிரி என்று உலகம் பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் அதே 1995-ல் ஒன்பது பிலாத்திகள் சேர்ந்து கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதினார்கள், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்கக்கூடாது என்று. இன்னொரு பக்கம், செடி காட்டிலிருந்தே அழிந்துபோகும் என்று வனத்துறை பயந்து, அதைப் பறிப்பதற்குத் தடை போட்டது. அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. காட்டில் தின்னும்போது யாருக்கு எவ்வளவு என்று தெரிந்த கை ஒன்று இருந்தது. பாட்டிலில் அடைத்தபிறகு அந்தக் கை இல்லை, தேவையும் பெரிதாகிவிட்டது. செடி போன வேகத்தில் வேலி போகவில்லை.

மெக்சிகோவில் இதைவிட மோசமாக நடந்தது. வாகாகா மலைப்பகுதியில் ஹுவாட்லா என்ற ஊரில் மரியா சபினா என்ற வைத்தியக் கிழவி இருந்தார். நோயாளிக்காக ராத்திரியில் ஒரு வகைக் காளானைத் தின்று, பாடி, நோயின் காரணத்தைக் கண்டு சொல்வார். நம் பிலாத்தியின் வேலைதான். 1955-ல் அங்கே போன வாசன் என்ற அமெரிக்க வங்கிக்காரர் 1957-ல் 'லைஃப்' பத்திரிகையில் அதை எழுதினார். அதன்பிறகு போதை தேடி ஒரு கூட்டமே அந்த ஊருக்குப் படையெடுத்தது. ஊரார் கோபம் கிழவி மேல் திரும்பியது, அவர் வீடு தீக்கிரையானது. காளானுக்குச் சக்தி போய்விட்டது என்று பிற்காலத்தில் அவர் வருத்தப்பட்டார். பிறகு சட்டம் வந்தது, காளானில் உள்ள அந்தப் பொருளுக்குப் பல நாடுகளில் தடை. இப்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக டாக்டர்கள் அதே பொருளை மனநோய்க்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எப்படித் தெரியுமா? முன்கூட்டிப் பேசித் தயார்ப்படுத்தி, தனி அறையில் படுக்க வைத்து, பாட்டுப் போட்டு, பக்கத்தில் காவலுக்கு ஆள் இருத்தி. வேலியை வீசிவிட்டுப் பல வருஷம் கழித்துத் திரும்ப எடுத்து நட்டிருக்கிறார்கள்.

நம் மாநில மலர் செங்காந்தளையே பாருங்கள். அதன் கிழங்கு கொடிய விஷம், தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். அதே செடியில் இருக்கிற கோல்ச்சிசின்தான் மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்து வரும் வாதத்துக்கு ஆங்கில டாக்டர்களும் எழுதிக் கொடுக்கிற மருந்து. சித்த வைத்தியர்கள் கிழங்கைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். நம் மாவட்டத்து வர்ம ஆசான்களும் இப்படித்தான். எங்கே தட்டினால் குணமாகும் என்று சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், எங்கே தட்டினால் ஆள் விழும் என்பது தெரிந்தபிறகும் சிஷ்யன் பொறுமையாக இருப்பானா என்று வருஷக்கணக்கில் பார்ப்பார்கள். கொடுக்கிற கை யாருடையது, எந்த அளவு, எந்த நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடைக்கும் வரமாட்டார், குறி கேட்கவும் மாட்டார். 'காட்டுமிராண்டித்தனம்' என்பார். சர்க்கரைக்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் விளம்பரம் பார்த்து 'மலை மூலிகைப் பொடி' ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். அழகான டப்பா, தயாரித்த தேதி, பொன் எழுத்து எல்லாம் இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு எட்டு மாதம் அந்தப் பொடியைச் சாப்பிட்டார். டாக்டரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. சிறுநீரகம் கெட்டபிறகுதான் டப்பா வெளியே வந்தது. அவர் போய் நாலு வருஷமாகிறது. பிலாத்தியைக் கண்டு பயந்தவர், லேபிளைக் கண்டு பயப்படவில்லை. அந்த டப்பாவுக்குள் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது, போதும் நிறுத்து என்று சொல்ல யார் இருந்தார்கள்?

இந்தக் காலத்துப் பயம் பெரும்பாலும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தைக் கண்டு ஓடுகிறோம். அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு வருகிற ஆபத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் பழையதெல்லாம் சரியா? இல்லை. கொல்லங்கோடு பத்ரகாளி கோயில் தூக்கத் திருவிழா நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நேர்ச்சைக்காகக் கைக்குழந்தையைத் தூக்கக்காரர் கையில் கொடுக்க, அவர் உயரத்தில் வில்லில் தொங்கிக்கொண்டு குழந்தையோடு கோயிலைச் சுற்றி வருவார். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்தவர்களின் மனசை நான் பழிக்கமாட்டேன். தூக்கக்காரரும் விரதம் இருக்கிறவர்தான். ஆனால் என் மனசு அதை ஒப்பவில்லை. கோமரத்தாடி தன் உடம்பைத் தானே கொடுக்கிறார். கைக்குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை. தனக்காக ஒருவன் எடுக்கிற ஆபத்தும், பேசத் தெரியாத பிள்ளை மேல் நாம் ஏற்றி வைக்கிற ஆபத்தும் ஒன்றாகாது. என் மகனுடைய பயத்தில் நான் மதிக்கிற பாதி இதுதான்.

மற்ற பாதிக்குத்தான் இத்தனையும் எழுதினேன். யாரு பொறுப்பு என்று கேட்டானே, விரதம் இருக்கிற கோமரத்தாடி பொறுப்பு. பின்னால் நிற்கிற இரண்டு பேர் பொறுப்பு. தீட்டு என்றால் பானையை ஏற்றாத ஊர் பொறுப்பு. அத்தானின் டப்பாவுக்கு இப்படி ஒருவரும் இல்லை.

போன வாரம் பேரன் போனில் கேட்டான்: "பாட்டா, இந்த வருஷம் மஞ்சத்தண்ணி பாக்கலாமா? அப்பா சரின்னுட்டாரு."

"பாக்கலாம் மக்களே. பத்தடி தள்ளி, என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். தண்ணி தெறிக்கும். நான் போன்னு சொன்னா உடனே போயிரணும்."

"ஏன் பத்தடி?" என்றான்.

அதைச் சொல்வதற்குத்தான் அவனைப் பக்கத்தில் நிறுத்தப் போகிறேன்.